கோமாரித் தோட்டத்துப் பங்களா

1981ஆம் ஆண்டு மார்கழி மழையில் கோமாரிக்கு அப்பால் ரோட்டின் மேல் வெள்ளம் பாய்ந்தது. பொத்துவில் பஸ் பின்னேரம் அங்கேயே நின்றுவிட்டது. கல்முனையிலிருந்து அதில் வந்த முகைதீன்பாவாவும் மனைவி றுகையாவும் செய்வதறியாமல் இறங்கி நின்றார்கள். மகள் ஸகியாவுக்குப் பொத்துவிலில் மாப்பிள்ளை கேட்கத்தான் புறப்பட்டிருந்தார்கள்.

"தென்னந்தோட்டத்துப் பங்களாவில தங்கலாம். நாளைக்கித்தான் பஸ் போகும்" என்றார் கண்டக்டர்.

வெள்ளைக்காரத் துரை ஒருவர் நூறு வருஷத்துக்கு முன் கட்டிய வீடு அது. சுற்றியிருந்த மரங்களில் பாதிக்கு மேல் கள்ளு முட்டி தொங்கியது. அதைக் கண்டதும் முகைதீன்பாவா படியிலேயே நின்றுவிட்டார்.

"கள்ளுத் தோட்டம் புள்ள. இஞ்ச தங்கினது மாப்பிள வீட்டுக்குத் தெரிஞ்சா?"

"நனைஞ்சி காய்ச்சல்ல கிடந்தா மட்டும் நல்லமா?" என்றாள் றுகையா. அவளுக்கும் பயம்தான். கல்யாணத்துக்குப் பிறகும் பள்ளிக்கூடத்தில் படிப்பிப்பேன் என்று ஸகியா சொன்னதால் ஏற்கெனவே இரண்டு பேச்சுகள் முறிந்திருந்தன. இதுவும் முறிந்தால் என்ன செய்வது?

பங்களாவைப் பார்த்துக்கொள்ளும் கோணாமலை, முகைதீன்பாவாவை அண்ணன் முறையில் அழைத்துப் பெட்டியை வாங்கிக்கொண்டார். "வாங்க காக்கா. முஸ்லிம் ஆக்களுக்கு வேற சட்டி பானை வெச்சிரிக்கன், யோசிக்காதீங்க."

"வேற ஆராவது இரிக்காங்களா?" என்று கேட்டாள் றுகையா.

"முன்னறையில ஒராள். நீங்க கதைச்ச சத்தம் கேட்டதும் கதவப் பூட்டிக்கிட்டார்."

குடிகாரனாக இருக்கும் என்று றுகையா முடிவே கட்டிவிட்டாள். தங்கள் அறைக்குத் தாழ்ப்பாள் போட்ட பிறகுதான் சுற்றிப் பார்த்தாள். கருங்காலிக் கட்டிலில் ஏற ஒரு படி தேவைப்பட்டது. குளியலறையில் இருந்த பீங்கான் தொட்டியைப் பார்த்து, "இதில ஒரு மூடை விதை நெல் ஊறப் போடலாம்" என்றாள்.

விடியற்காலை சுபஹுத் தொழுகைக்கு முகைதீன்பாவா வெளியே வந்தபோது, மண்டபத்தில் ஒருவர் கிழக்கே தெரிந்த கடலுக்கு முதுகு காட்டித் தொழ நின்றார். இவரும் பக்கத்தில் போய் நின்றார். முடிந்ததும் இருவரும் ஸலாம் சொல்லிக்கொண்டார்கள். கோணாமலை தேநீர் கொண்டுவந்தார்.

"எங்க பயணம்?" என்றார் அந்த மனிதர்.

"பொத்துவிலுக்கு. மகளுக்கு மாப்பிள கேட்டு. அப்துல் ஸமட் எண்டவர்ர மகன்."

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். முகம் சிவந்தது. பிறகு சிரித்தார்.

"அந்த அப்துல் ஸமட் நாந்தான். ஒங்களுக்கு விருந்து குடுக்கச் சாமான் வாங்க அக்கரைப்பற்றுக்குப் போனன். திரும்பி வரக்குள்ள ரோட்டு போயிட்டு. கல்முனை ஆக்கள்ர கதை கேட்டிச்சி. கள்ளுத் தோட்டத்தில கண்டதாப் பொண்ணு வீட்டுக்காரர்ர காதுக்குப் போயிருமே எண்டு ஒளிச்சிட்டன்."

"நானும் அதுக்குத்தான் பயந்தன்!" முகைதீன்பாவா வயிறு குலுங்கச் சிரித்தார்.

கதவுக்குப் பின்னால் நின்ற றுகையா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வந்தாள். மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்ச் சுற்றிவளைத்துக் கேட்க நினைத்ததை அங்கேயே கேட்டாள்.

"காக்கா, மகள் படிப்பிக்கிறத நிப்பாட்டச் சொல்லுவீங்களா?"

"எதுக்கு நிப்பாட்ட? மகனும் வாத்தியார்தானே. கலியாணம் முடிச்சா நம்மட வழக்கப்படி அவன் ஒங்கட ஊட்டுக்குத்தான் வரப்போறான். ரெண்டு பேரும் ஒரு சைக்கிள்லயே பள்ளிக்கூடத்துக்குப் போகட்டும்."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றாள் றுகையா. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. மாதக்கணக்கில் நெஞ்சில் கிடந்த கல் இறங்கியதுபோல் இருந்தது.

ஒன்பது மணிக்கு வெள்ளம் வடிந்தது. மூவரும் ஒரே பஸ்ஸில் ஏறினார்கள். ஆண்கள் இருவரும் முன் சீட்டில் வயல், மழை என்று ஓயாமல் கதைத்துக்கொண்டு வந்தார்கள். றுகையா ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிப்போனாள். அறுவடை முடிந்த கையோடு கல்யாணம் நடந்தது.