டிக்கெட் எடுக்காத கண்டக்டர்

பதினெட்டு, பத்தொன்பது, இருபது… இருபது வரைக்கும் எண்ணணும்னு சொன்னாளா, இருபது நொடின்னு சொன்னாளா, இரண்டும் ஒன்றா, நாம் எண்ணுகிற வேகத்துக்குப் பத்து நொடிகூட ஆகியிருக்காதே, போகட்டும், இன்னொரு தரம் கழுவினால் கை என்ன தேய்ந்தா போய்விடும் என்று கண்டக்டர் மறுபடியும் சோப்பை எடுத்தார். முதலில் கட்டைவிரல். "எல்லாரும் உள்ளங்கையைத் தேய் தேய்னு தேய்ப்பாங்க மாமா, கட்டைவிரலை அம்போன்னு விட்டுடுவாங்க. நீங்க அதுலேர்ந்து ஆரம்பிங்க" என்று மருமகள் சொல்லியிருந்தாள். அதை ஏன் குறிப்பாகத் தன்னிடம் சொன்னாள் என்பது அவருக்குத் தெரியாதா என்ன, இந்தக் கட்டைவிரல் செய்த அட்டூழியம் கொஞ்சமா, முப்பத்தோரு வருஷம் நாக்கில் தொட்டுத் தொட்டு டிக்கெட் கிழித்த விரல், ரிட்டையர் ஆகி ஒன்பது வருஷம் ஆகியும் பேப்பரைப் புரட்டப் போனால் தானாக நாக்குக்குப் போய்விட்டுத்தான் வரும், பிளாஸ்டிக் பையைப் பிரிக்கவா, நாக்கு, காலண்டர் தாளைக் கிழிக்கவா, நாக்கு. வேறு மருமகளாக இருந்தால் முகத்தைச் சுளித்திருப்பாள். இவள் ஒரு வார்த்தை சொல்லவில்லையே, ஒரு நாள் காலையில் பேப்பருக்குப் பக்கத்தில் சின்னக் கிண்ணத்தில் ஈரமான ஸ்பாஞ்ச் ஒன்றை வைத்துவிட்டு, "இது மாமாவுக்கு மட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனாள், அவரும் பேங்க் மானேஜர் ஆகிவிட்ட மாதிரி அதைத் தொட்டுத் தொட்டுப் பேப்பர் படித்தார். கெட்டிக்காரி. அழுகைச் சத்தம் கேட்கிறதே, எழுந்துவிட்டாளா?

எழுந்துதான் விட்டாள். எழுபது நாள் வயசுப் பேத்தி, ஒரு சாண் உடம்பு, குரல் மட்டும் ஹாரன். "இப்பத்தான் பால் குடுத்திருக்கேன், ஒரு மணி நேரம் அசைய மாட்டா, நான் டாக்டரைப் பார்த்து மருந்து வாங்கிட்டு ஓடி வந்துடறேன்" என்று மருமகள் கிளம்பி அரைமணி ஆகவில்லை. கண்டக்டர் கையைத் துடைத்துக்கொண்டு, அதுவும் தன் பச்சைத் துண்டில்தான், மாஸ்க்கை இழுத்து மூக்குக்கு மேல் ஏற்றிக்கொண்டு, அறை வாசல் வரைக்கும் வந்தார், அங்கேயே நின்றுவிட்டார். தொண்டையில் மறுபடியும் அந்தக் கரகரப்பு. காலையில் எழுந்தபோதே இருந்தது. நேற்றுக் குடித்த ஐஸ் தண்ணீர் என்று காலையில் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார், குளித்த பிறகு தூசி என்றார், இப்போது என்ன சொல்வது, இனிமேல் சொல்வதற்கு என்ன பாக்கி இருக்கிறது, முதுகெல்லாம் யாரோ அடித்துப் போட்ட மாதிரி வலிக்கிறதே. "அப்பா, குழந்தை அழறா பாருங்க, தூக்குங்களேன்!" பின்கட்டு அறையிலிருந்து மூடிய கதவுக்குள்ளேயே மகன் கத்தினான், கத்தியதில் அவனுக்கே இருமல் பிடித்துக்கொண்டது. நாலு நாளாக ஃப்ளூ அவனை நார் நாராகக் கிழித்துப் போட்டிருக்கிறது. "கை கழுவறேன்டா" என்றார் கண்டக்டர். ஒரு பொய்யைக் காப்பாற்ற எத்தனை தடவைதான் கை கழுவுவது?

நாலு நாளைக்கு முன்னால் அவன் வேலையிலிருந்து நடுங்கிக்கொண்டு வந்து நின்றபோது இந்தப் பெண் என்ன செய்தாள், அதை நினைத்தால் இப்போதும் மலைப்பாக இருக்கிறது அவருக்கு. ஐயோ என்று அலறவில்லை, தலையில் கை வைக்கவில்லை, பத்தே நிமிஷம், பின்கட்டு அறைக்கு அவனை அனுப்பி, ஜன்னலைத் திறந்து, தட்டு தம்ளர் தனி, படுக்கை தனி, கதவுக்கு வெளியே ஒரு ஸ்டூல், ஸ்டூலில் சாப்பாட்டை வைப்பாள், கதவை இரண்டு தட்டு, நாலு அடி பின்னால் வருவாள், அப்புறம்தான் அவன் திறக்கணும். கட்டின புருஷனுக்கே நாலு அடி! அந்த நாலு அடிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு அவள் அவனிடம் என்ன கொஞ்சு கொஞ்சுகிறாள் என்பதையும் கண்டக்டர் கேட்டும் கேளாத மாதிரி கேட்டிருக்கிறார். குழந்தைகள் வார்டில் எட்டு வருஷம் நர்ஸ், இப்போது பிரசவ லீவு, லீவிலும் டியூட்டிதான். மனசுக்குள் அவளுக்கு அவர் வைத்திருக்கிற பேர் செக்கிங். பஸ்ஸில் செக்கிங் இன்ஸ்பெக்டர் ஏறினால் கண்டக்டர் காசுப் பையை இன்னொரு தரம் எண்ணிக்கொள்வாரே, அந்த செக்கிங். ஆனால் அவர் பார்த்த இன்ஸ்பெக்டர்களில் ஒருத்தர் இருந்தார், குரலை உயர்த்தவே மாட்டார், பஸ் முழுக்க ஒரு நடை நடந்துவிட்டு இறங்கும்போது எல்லாம் அவருக்குத் தெரிந்திருக்கும். இவள் அந்த ரகம். என்ன பெண்டா இவள், எங்கிருந்துடா பிடித்தாய் என்று மகனிடம் ஒரு நாள் கேட்டுவிடணும், கேட்டால் தலைகால் புரியாமல் ஆடுவான்.

அழுகை ஏறுகிறது. அடி என் கண்ணே, தாத்தா வரேன், வரேன்… வர முடியாதே. வெறும் ஃப்ளூதானே என்று போன மாசம் வரைக்கும் இவரும் வாய் கிழியப் பேசினவர்தான். அப்புறம் டிரைவர் விழுந்தான். பதினாறு வருஷம் இவரோடு ஒரே வண்டியில் ஓடினவன், தூண் மாதிரிக் கை, பஞ்சர் ஆன டயரை ஒற்றை ஆளாகப் புரட்டிப் போடுவான், ஞாயிற்றுக்கிழமை உடம்பு வலி என்றான், புதன்கிழமை மூக்கில் குழாய். இன்னும் ஆஸ்பத்திரியில்தான் கிடக்கிறான். கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தபோது மூச்சுக்கு மூச்சு அவன் தோள் தூக்கித் தூக்கிப் போட்டது. அவனுக்கே அந்த கதி என்றால் இந்த ஒரு சாண் உடம்புக்கு? "ஆறு மாசம் ஆகாம இவளுக்கு ஃப்ளூ தடுப்பூசி போட முடியாது மாமா. சுத்தி இருக்கற நாம எல்லாரும் போட்டுக்கணும். இவளுக்கு நாமதான் சுவர்" என்று செக்கிங் சொன்னாள். அவள் கர்ப்பமாக இருக்கும்போதே போட்டுக்கொண்டுவிட்டாள். மகன் போட்டுக்கொண்டான், அப்படியும் அவனுக்கு வந்துவிட்டது, ஆனால் மூச்சுத் திணறாமல் வீட்டோடு கிடக்கிறானே, அது ஊசியின் புண்ணியம் என்கிறாள். மூன்றாவது சுவர் யார்? ஐயாதான். ஐயா சுவரில்லை, ஓட்டை.

பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் தடுப்பூசி முகாம். போனார், யார் இல்லை என்றது, வரிசையில் நின்றார், முன்னால் நின்றவன் சட்டைக் கையை மடித்தான், பஞ்சு, ஸ்பிரிட் வாசனை, அவ்வளவுதான், ஆறு வயசில் கையைக் காலைப் பிடித்து அழுத்திப் போட்டார்களே ஒரு ஊசி, அந்த அலறல் அப்படியே தொண்டைக்கு வந்துவிட்டது, அறுபத்தேழு வயசுக்காரன் முகாமில் அலறினால் நன்றாகவா இருக்கும், கம்பி நீட்டிவிட்டார். டீக்கடையில் உட்கார்ந்து இரண்டு டீ குடித்துவிட்டு வீட்டுக்கு வந்து, "போட்டாச்சும்மா" என்றார். இடது கையை லேசாக அமுக்கி, "வலிக்குதா மாமா?" என்று கேட்டாள். "எறும்பு கடிச்ச மாதிரிகூட இல்ல!" என்ன வீரம், என்ன பெருமை. அட்டை குடுத்திருப்பாங்களே என்றாள். பஸ்ஸில் விட்டுவிட்டேன் என்றார். முப்பத்தோரு வருஷத்தில் ஒரு துண்டுச் சீட்டைத் தொலைக்காத கண்டக்டர், பஸ்ஸில், அட்டையை, விட்டுவிட்டாராம்! அவள் சரி மாமா என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள், இவர் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

இரண்டு கையும் தொட்டிலை நோக்கித் தானாக நீண்டுவிட்டன. மூன்றே எட்டு, தூக்கித் தோளில் போட்டால் உடனே அடங்கிவிடுவாள், அவளுக்கு இந்தத் தோள் பழக்கம், கழுத்தில் மூக்கை வைத்துத் தேய்ப்பாள்… மூக்கை! வேண்டாம். அவளுக்கு போன் பண்ணிச் சொல்லிவிடலாமா, நடுரோட்டில் பதறிக்கொண்டு ஓடி வந்தால், குறுக்கே ஏதாவது வண்டி வந்தால், வேண்டாம், வரட்டும், நேரில் சொல்கிறேன், இந்தத் தடவை சொல்கிறேன். ஆனால் அதுவரைக்கும் அழ விடுவதா? அப்போதுதான் துணி காயப்போடுகிற கொடிக் கயிறு கண்ணில் பட்டது. சட்டென்று அவிழ்த்தார், ஒரு நுனியைத் தொட்டிலின் காலடிப் பக்கச் சட்டத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு கட்டினார், ஜன்னலை விரியத் திறந்தார், மறு நுனியைக் கையில் பிடித்துக்கொண்டு ஜன்னலோரமாகத் தள்ளி நின்று இழுத்தார். தொட்டில் ஆடியது. அட, பஸ்ஸில் மணிக் கயிறு இழுப்பதுதானே இது! "போலாம் ரைட்! பழைய பாலம், ரயிலடி, பெரியாஸ்பத்திரி எல்லாம் இறங்கு… ஆஸ்பத்திரி வேண்டாம், ஆஸ்பத்திரியில் நிக்காது, நேரா போ…" குரல் மாஸ்க்குக்குள் கரகரத்தது. குழந்தை ஒரு நிமிஷம் யோசித்தாள், இன்னொரு முறை அழுது பார்த்தாள், அப்புறம் கயிறு போகிற பக்கம் கண்ணை உருட்டிக்கொண்டு அடங்கினாள்.

டிக்கெட் எடுக்காதவனைக் கண்டுபிடிக்கிறது ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை என்று புது கண்டக்டர்களுக்கெல்லாம் இவர் சொல்லியிருக்கிறார். பக்கத்தில் போனால் போதும், அவன் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பான், அதுவரைக்கும் தெருவே பார்க்காதவன் மாதிரிப் பார்ப்பான். உடனே சட்டையைப் பிடிக்கிற கண்டக்டர்கள் உண்டு. இவர் பிடித்ததில்லை. அவனைத் தாண்டிப் போவார், திரும்பி வருவார், பக்கத்தில் நின்று தொண்டையைச் செருமுவார், இரண்டு ஸ்டாப் விட்டுப் பார்ப்பார், பத்தில் எட்டுப் பேர் அதற்குள் தாங்களாகவே கையை நீட்டி, சார் எனக்கு ஒரு டிக்கெட் என்பார்கள். மானத்தோடு இறங்கட்டுமே, நமக்கென்ன. கயிற்றை இழுத்துக்கொண்டே கண்டக்டர் கேட் பக்கம் காதை வைத்துக்கொண்டார்.

கேட் சத்தம். செருப்பை வெளியே விடுகிறாள், குழாயைத் திறக்கிறாள், கட்டைவிரல், விரல் இடுக்கு, மணிக்கட்டு, அவசரத்திலும் ஒன்றைத் தாண்டிப் போகமாட்டாள். உள்ளே வந்தவள் கயிற்றைப் பார்த்தாள், தொட்டிலைப் பார்த்தாள், ஜன்னலோரம் மாஸ்க்கோடு நிற்கிற மாமனாரைப் பார்த்தாள். "அங்கேயே நில்லும்மா" என்றார் கண்டக்டர். "நான் அன்னைக்கு ஊசி போட்டுக்கல. பயந்து ஓடி வந்துட்டேன். பொய் சொன்னேன். காலையிலேர்ந்து தொண்டை கரகரன்னு இருக்கு, உடம்பு வலிக்குது. குழந்தையைத் தூக்கல, சத்தியமா இன்னைக்கு ஒரு தடவைகூடத் தொடல." ஏன் பொய் சொன்னீங்க என்று கேட்பாள், கேட்கட்டும், கத்தட்டும், இரண்டு அறை விட்டால்கூட வாங்கிக்கொள்ளலாம். அவள் கண் கலங்கித்தான் இருந்தது, ஆனால் கேட்டது வேறு. "காலையில எத்தனை மணிக்கு மாமா? மூச்சு வாங்குதா? சரி, டாக்டருக்கு இப்பவே போன் பண்றேன், உங்க வயசுக்கு ரெண்டு நாளைக்குள்ள மாத்திரை ஆரம்பிக்கறது நல்லது. முன் ரூமுக்குப் போயிடுங்க, ஜன்னல் திறந்திருக்கட்டும்." அவ்வளவுதான். ஊசி போடவில்லை என்பதற்கு ஒரு ஆச்சரியம், ஒரு "என்ன!", ஒன்றும் இல்லை.

முன் அறைக் கட்டிலில் உட்கார்ந்தபோதுதான் அந்த "என்ன" இல்லாதது அவருக்கு உறைத்தது. கூடத்தில் அவருடைய நாற்காலி ஜன்னலோரத்துக்குப் போனது எப்போது? "காத்து நல்லா வரும், மாமா உக்காரட்டும்" என்று அவளே தூக்கிப் போட்டாளே, மரியாதை என்று இவர் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்தாரே. பச்சைத் துண்டு அவருக்கு மட்டும் என்று ஆனது எப்போது? ஸ்பாஞ்ச் கிண்ணம்? எல்லாம் ஒரே வாரம். முகாமுக்கு மறுநாள் தொடங்கி ஒரே வாரம். இன்றைக்கும் கிளம்பும்போது கதவைப் பிடித்துக்கொண்டு, "தூக்கணும்னு இல்ல மாமா, பக்கத்துல இருந்தா போதும். எதுவா இருந்தாலும் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு, போகாமல், ஒரு நிமிஷம் நின்றாளே. எதற்கு நின்றாள்? இவர் அப்போது எங்கே பார்த்துக்கொண்டிருந்தார்… தெருவைத்தான்.

கதவில் இரண்டு தட்டு. நாலு அடி பின்னால் போகிற காலடிச் சத்தம், அப்புறம் அவள் குரல், "குழந்தைக்குச் சூடு இல்ல மாமா, இப்பத்தான் பார்த்தேன். இனிமே மணிக்கு ஒரு தரம் பார்க்கறேன்." கண்டக்டர் கதவைத் திறந்தார். ஸ்டூலில் தெர்மாமீட்டர், வெந்நீர், புது மாஸ்க் பாக்கெட், பக்கத்தில் அந்த ஸ்பாஞ்ச் கிண்ணம். பாக்கெட்டைப் பிரிக்கக் கட்டைவிரல் தானாக மேலே போனது, பாதியில் நின்றது, கிண்ணத்துக்கு இறங்கியது. அந்தப் பொய்யைச் சொல்லி நாற்பத்தோரு நாள். இவர் பஸ்ஸில் யாரையும் இரண்டு ஸ்டாப்புக்கு மேல் விட்டதில்லை. தெரிந்துதான் விட்டாளா, தெரிந்தே இன்றைக்கு இந்தக் கையை நம்பி அந்த ஒரு சாண் உடம்பை விட்டுவிட்டுப் போனாளா, இல்லை, அவளுக்குத்தான் வேறு யார் இருந்தார்கள்? "அம்மா" என்று கூப்பிட்டார். "சொல்லுங்க மாமா" என்று நாலு அடிக்கு அப்பாலிருந்து கேட்டாள். அவருக்குக் கேட்க வரவில்லை, "ஒண்ணுமில்லம்மா" என்றார், இந்தத் தடவை அவளைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.