பதினேழாம் நம்பர் தனி ஆள்

கம்பெனி ஆண்டு விழாவை வீடியோ எடுப்பது கல்யாணம் எடுப்பது மாதிரி இல்லை. கல்யாணத்தில் எது நடந்தாலும் அழகு. கம்பெனி விழாவிலோ சேர்மன் தும்மினால்கூட அதற்கென்று முன்கூட்டியே ஒரு கேமரா நிற்க வேண்டும். அதனால் நம்ம வீடியோக்காரன் ஒரு வாரமாகச் சாப்பாட்டு மேஜையில் அரங்கத்தின் வரைபடத்தை விரித்து, உப்பு டப்பாவை மேடையாகவும் மூன்று டம்ளர்களைக் கேமராவாகவும் வைத்து நகர்த்திக்கொண்டிருந்தான். வீட்டில் தண்ணீர் குடிக்க டம்ளர் இல்லை.

"மூணாவது டம்ளரையாவது குடுங்களேன்" என்றாள் மனைவி.

"அது அக்கா டம்ளர். கை வைக்காதே!"

விஷயம் இதுதான். அம்மா போனபோது அவனுக்கு ஒன்பது வயது, அக்காவுக்கு இருபது. அந்த மாதமே அவள் ஒரு மாத்திரை கம்பெனியின் பேக்கிங் பிரிவில் வேலைக்குச் சேர்ந்து, அவனைப் படிக்கவைத்து, ஆளாக்கி, கல்யாணமும் பண்ணிவைத்தாள். தனக்கென்று கல்யாணம் காட்சி எதையும் பார்த்துக்கொள்ளவில்லை. இந்த வருடம் அந்தக் கம்பெனி, இருபத்தைந்து வருடம் முடித்த நாற்பது பேரை மேடையேற்றிக் கழுத்தில் மெடல் போடப்போகிறது. வீடியோ வேலை நம்ம ஆளிடமே வந்து சேர்ந்தது. சும்மா விடுவானா? மேடைப் படிக்கட்டை ஒட்டி மூன்றாவது கேமரா, அதில் அவனே நிற்பான், அக்கா முகத்தை அப்படியே அள்ளிக்கொண்டு வரவேண்டும். அதிலேயே குறியாக இருந்தான்.

விழாவுக்கு முதல் நாள் மேனேஜரம்மா அவனையும் மனைவியையும் அரங்கத்துக்கு வரச்சொன்னார். கையில் பட்டியல், கழுத்தில் விசில். ஏன் விசில் என்று கேட்கும் தைரியம் யாருக்கும் இல்லை.

"ஆளுக்குப் பதினஞ்சு செகண்டுதான் தம்பி. ஒருத்தர் இழுத்தாலும் மொத்தமும் கந்தலாயிடும். எல்லாரும் வீட்டு ஆள் ஒருத்தரைக் கூட்டிக்கிட்டு ரெண்டு ரெண்டு பேரா ஏறுவாங்க. பதினேழாம் நம்பர் மட்டும் தனி ஆள். அவங்க வரும்போது கிட்டக்க எடுத்துடுங்க. பக்கத்துல காலியா இருக்கிறது தெரியாது."

"பண்ணிடலாம் மேடம்" என்று நோட்டில் குறித்தும் கொண்டான். குறித்த பிறகுதான் கேட்டான்: "யாரு மேடம் பதினேழு?"

"பேக்கிங்ல சீனியர் அம்மா. ஃபாரத்துல கூட வர்றவர்னு இருந்த இடத்துல ஒரு கோடு போட்டுக் குடுத்துட்டாங்க."

அவனுக்குச் சுரீரென்றது. போன வாரம் அக்கா போன் பண்ணியிருந்தாள். "அன்னைக்கு நீ சும்மாதானேடா இருப்பே?" என்று கேட்டாள். "சும்மாவா? மூணு கேமராக்கா! மூச்சு விட நேரம் இருக்காது!" என்று இவன் பெருமையடித்தான். "சரிடா, வேலையைப் பாரு" என்று வைத்துவிட்டாள். எந்தக் கோணத்தில் அக்கா அழகாக இருப்பாள் என்று ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்ட மடையன், அக்கா பக்கத்தில் யார் நிற்பார்கள் என்று ஒரு நிமிடம் யோசிக்கவில்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"மேடம், பதினேழுக்குக் கூட ஆள் உண்டு. எழுதிக்கோங்க. தம்பி. நான்தான்."

"அப்போ மூணாவது கேமரா?"

அவன் வாயைத் திறப்பதற்குள் மனைவி முந்திக்கொண்டாள். "நான் பார்த்துக்கிறேன் மேடம். கல்யாணத்துல பாதி எடுக்கிறது நான்தான், பேரு மட்டும் இவருக்கு."

மேனேஜரம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கோட்டை அடித்துவிட்டு எழுதினார். "அவங்ககிட்ட சொல்லிடவா?"

"ஐயையோ, வேண்டாம் மேடம். தெரிஞ்சா என்னை அடிச்சு விரட்டிடும்."

மறுநாள் பதினாறாம் நம்பர் இறங்கியது. அக்கா புடவைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு படிக்கட்டுக்கு வந்தாள். அங்கே தம்பி, இஸ்திரி போட்ட சட்டையில், கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றிருந்தான்.

"டேய், இங்க என்னடா பண்றே? கேமராவை யாரு பார்க்கிறது? போ, போய் வேலையைப் பாரு!"

முதல் வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அவன் அக்காவின் கையைப் பிடித்தான். அவ்வளவுதான். அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள், உதட்டைக் கடித்துக்கொண்டாள், பிடித்த கையை விடாமல் ஏறினாள். மேடையில் போயாவது ஒழுங்காக நின்றானா? மனைவியின் கேமராவைப் பார்த்து, கொஞ்சம் இடது பக்கம் நகர்த்து என்று சைகை காட்டினான். அக்கா அத்தனை கூட்டத்துக்கு முன்னால் அவன் தாடையைப் பிடித்து நேராகத் திருப்பினாள். அரங்கமே சிரித்தது, சேர்மன் உட்பட. பதினைந்து செகண்டு நாற்பது செகண்டாகிவிட்டது. மேனேஜரம்மா விசிலை வாயில் வைத்தார். ஊதவில்லை.

வீட்டில் அவனும் மனைவியும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து அதை ஓட்டிப் பார்த்தார்கள். கோணம் சுத்தமாகச் சரியில்லை. பாதிப் படத்துக்குச் சேர்மன் முதுகுதான் இருக்கிறது. மீதிப் பாதியில் அக்கா, மெடலைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், தம்பியையே பார்த்துப் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். அப்படி அவள் சிரித்து அவன் பார்த்ததே இல்லை.

"சேர்மன் முதுகை எடுத்துட்டேன்னு திட்டுவீங்களா?" என்றாள் மனைவி.

அவன் மறுபடியும் முதலிலிருந்து ஓடவிட்டான். கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னான்:

"நான் எடுத்திருந்தா இந்தச் சிரிப்பு வந்திருக்காதுடி."