சிப்புக்கும் விடுதலை

மலேசியாவின் இரண்டாவது சுதந்திரம் காஜா பேராங்கில், ஒரு மருந்துக் கடையின் மாடியில் இருந்த லினக்ஸ் கழகத்தில்தான் உதித்தது. முதலாவதை நாடே கொண்டாடியது. இதற்குக் கழகத் தலைவர் கலியாணசுந்தரமும், ஏர்கான் குளிருக்காக வந்து மாட்டிக்கொண்ட கருணாகரனும் மட்டுமே இருந்தார்கள்.

விஷயம் மல்லிகாவின் கணினிகள். அவள் புக்கிட் காதிலில் கணினி டியூஷன் நடத்துகிறவள். எல்லாம் ஏதோ ஓர் அலுவலகம் கழித்துப்போட்டவை. "லினக்ஸ் என்றால் சுதந்திரம்" என்று தலைவர் முழங்கியதை நம்பி, அந்த இலவச இயங்குதளத்தின் புதுப் பதிப்பை ஏற்றினாள். புதுப் பதிப்பு பழைய சிப்புகளை மதிப்பதில்லை. 'சட்டவிரோதக் கட்டளை' என்று ஒரு வரி காட்டிவிட்டுப் படுத்துக்கொண்டது.

"சட்டவிரோதமா? போலீஸ் கேஸ் ஆயிடுமா தம்பி?" தலைவர் பதறினார்.

"அதில்ல தலைவரே," என்றான், கணினி வேலை தெரிந்த கருணாகரன். "புரோகிராம்ல இருக்கிற கட்டளை பழைய சிப்புக்குப் புரியல. எல்லாத்தையும் மூல நிரல்லேர்ந்து திரும்பக் கட்டணும். சூசா வேலைலா, ரொம்பக் கஷ்டம்."

"கட்டு. மெர்டேக்கா, சுதந்திர தினத்தன்னிக்குத் திறப்பு விழா. பேனர் அடிச்சாச்சு."

மல்லிகா கேட்டது ஒன்றுதான். "லீவு முடிஞ்சதும் பிள்ளைங்க வருவாங்கண்ணே. மெஷின் ஓடலன்னா பத்து பெரெண்டாம்ல இருக்கிற டியூஷன் சென்டருக்குப் போயிடுவாங்க. நான் கடையை மூட வேண்டியதுதான்."

கருணாகரன் கட்டினான். ஆபீஸ் விட்டு வீட்டுக்கு வந்து, சாப்பிட்டும் சாப்பிடாமலும் கட்டினான். ஒரு புரோகிராமைக் கட்டினால் அது இன்னொன்றைக் கேட்டது. அது வேறொன்றைக் கேட்டது. கணினியின் விசிறி இரைந்தது, அவன் நாற்காலியிலேயே சரிந்தான். எழுப்புவதற்கென்றே தலைவர் ஃபோன் செய்வார். "ஆச்சா? பேச்சு நான் தயார் பண்ணிட்டேன்."

மல்லிகாவின் டியூஷன் இடத்தில் நடந்த விழாவில் ரிப்பன் வெட்டப்பட்டது. "ஏழையின் சிப்பும் சிப்பே!" என்றார் தலைவர். பெற்றோர் கை தட்டினார்கள். கருணாகரன் கட்டித் தந்ததை ஏற்றி, மல்லிகா ஒவ்வொரு கணினியாகத் தட்டிவிட்டாள். ஒவ்வொன்றிலும் அதே சட்டவிரோதக் கட்டளை.

"அண்ணே, இங்க ஒரு தடவையாச்சும் போட்டுப் பாத்தீங்களா?"

"என் மெஷின்ல நல்லாத்தான் ஓடுச்சு."

"அப்ப பிள்ளைங்கள உங்க வீட்டுக்கு அனுப்பட்டா?"

முன்வரிசையில் ஓர் அம்மா, பக்கத்திலிருந்தவரிடம் பத்து பெரெண்டாம் சென்டரின் நம்பரைக் கேட்டுக்கொண்டிருந்தார். தலைவர் பேனருக்குப் பின்னால் போய்விட்டார். மல்லிகா ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

புரோகிராம்களைக் கட்டும்போது, 'கட்டுகிற கணினியின் சிப்புக்கு ஏற்றபடி கட்டு' என்று கருணாகரன் ஆணை கொடுத்திருந்தான். அவன் கட்டிய கணினியோ, போன மாதம் வாங்கிய புதுசு.