மூக்கில் வெட்டுப்பட்ட ராஜா

என்னிடம் காட்டிய எந்தக் காசையும் ஒரு நிமிஷத்துக்கு மேல் நான் பார்த்ததில்லை. அதற்குள் சொல்லிவிடுவேன், நல்லதா போலியா என்று. பழங்காசு சேர்ப்பவர்களின் இணையக் குழுவில் எனக்குப் பூதக்கண்ணாடி என்றே பெயர். ஆன்லைனில் வாங்குவதற்கு முன் ஆளாளுக்குப் படத்தை அனுப்பி, "அண்ணே, ஒரு பார்வை பாருங்க" என்பார்கள். பார்ப்பேன். "தாத்தா பெட்டியில் கிடைத்தது" என்று விற்கிறவன் எழுதியிருந்தால் மட்டும் படத்தைத் திறக்கவே மாட்டேன். உலகத்தில் இத்தனை தாத்தாக்களா ரெண்டாயிரம் வருஷத்துக் காசைப் பெட்டியில் போட்டு வைத்துவிட்டுச் செத்தார்கள்?

இந்தக் கண் எனக்குத் தொழிலில் வந்தது. பல் லேபில் வேலை. டாக்டர் அனுப்பும் அளவுக்கு மெழுகில் பல் செய்து, அதைச் சுற்றி அச்சு மாவை ஊற்றி, உலோகத்தை உருக்கி வார்த்து, பல்லுக்கு உறை செய்து கொடுக்கிறேன். முப்பத்தோரு வருஷம் ஆகிறது. வார்த்த உலோகம் எப்படி இருக்கும் என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். குண்டூசி முனை அளவுக்கு உருண்டைக் குமிழிகள், தேய்ந்த சோப்பு மாதிரி மழுங்கின எழுத்து, விளிம்பில் அரம் போட்டு மறைத்த கோடு. நாங்கள் தேடுகிற வெள்ளிக் காசுகள் வார்த்தவை அல்ல, சுத்தியலால் அடித்தவை. ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி விழும், ஒவ்வொன்றும் தனியாக அடிபடும். ஒரே இடத்தில் ஒரே காயத்தோடு ரெண்டு காசு கிடைத்தால் வார்ப்பு வேலை நடந்திருக்கிறது என்று அர்த்தம். குழுவுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடம் இதுதான். உதாரணத்துக்கு ஒரு படம் போட்டிருக்கிறேன். கீழே "போலி 1" என்று எழுதியிருக்கும். அது என் மனைவி எனக்கு வாங்கிக்கொடுத்த காசு.

எங்கள் கல்யாணத்தின் இருபத்தைந்தாவது வருஷத்துக்காக வாங்கினாள். போனில் நாலு எழுத்து அடிக்கவே திணறுகிறவள், மூணு மாசம் எனக்குத் தெரியாமல் ஒவ்வொரு விற்பனைப் பக்கமாகத் தேடியிருக்கிறாள். ஒரு பக்கம் ராஜா முகம், மறுபக்கம் குதிரை. ராஜாவின் மூக்கில் ஒரு சின்ன வெட்டு, காதுக்குப் பக்கத்தில் விளிம்பில் ஒரு விரிசல். அந்த வெட்டையும் விரிசலையும் ரெண்டு வாரம் முன்னாடிதான் வேறொருவன் விற்ற காசின் படத்தில் பார்த்திருந்தேன். போனை எடுத்து அவள் கண்முன் நீட்டினேன்.

"பாரு. அதே மூக்கு, அதே காது. நல்லா ஏமாத்திட்டான் உன்ன."

அவள் ரெண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஒண்ணு நெஜமா இருந்து, அத வெச்சு இன்னொண்ண செஞ்சிருக்க மாட்டாங்களா?"

சிரித்துவிட்டேன். "உனக்கு இதெல்லாம் புரியாதும்மா" என்று சொல்லி, லென்ஸை அவள் கையில் கொடுத்துக் குமிழிகளைக் காட்டினேன். அவளும் பார்த்தாள். "சரிங்க" என்றாள். தராசு கையெட்டும் தூரத்தில் இருந்தது. எடைகூடப் போடவில்லை நான். என் கண் இருக்கும்போது தராசு எதற்கு என்ற திமிர்.

அடுத்த மாசம் மகளின் பிரசவத்துக்குப் போனாள். பேத்திக்கு இப்போது நாலு வயசு. இவள் இன்னும் வரவில்லை.

சண்டை ஒன்றும் கிடையாது. சண்டை என்றால் சமாதானமாவது பேசலாம். ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்குப் போன் வரும். சாப்பிட்டீர்களா, மாத்திரை போட்டீர்களா, தண்ணீர் வருகிறதா, அவ்வளவுதான். அப்புறம் ஒரு வாரம் இந்த வீட்டில் என் குரலை நானே கேட்பதில்லை. ஒரு தட்டு, ஒரு டம்ளர் கழுவுகிறேன். அவள் உட்காரும் நாற்காலியில் காசுப் பெட்டிகளை அடுக்கியிருக்கிறேன், அது காலியாகக் கிடப்பதைப் பார்க்க முடியவில்லை. அவள் திரும்பி வரவேண்டும். எனக்கு வேறு ஆசை கிடையாது. கேட்கத்தான் வாய் வரவில்லை. போலியைப் போலி என்று சொன்னது ஒரு குற்றமா என்று நாலு வருஷமாக எனக்குள்ளேயே வாதாடிக்கொண்டிருந்தேன். அந்த வழக்கில் எனக்கு இருந்த ஒரே சாட்சி அந்தக் காசுதான்.

புதன்கிழமை கூரியரில் ஒரு பொட்டலம் வந்தது. குழுவில் இருக்கும் பஸ் கண்டக்டர் ஒருவர் அனுப்பியிருந்தார். ஆன்லைனில் வாங்கிவிட்டு, அப்புறம் சந்தேகம் வந்து, "அண்ணே, உங்க போலி 1 மாதிரியே இருக்கு, கையில வெச்சுப் பாத்து சொல்லுங்க" என்று சீட்டு எழுதி வைத்திருந்தார். மூக்கில் வெட்டு, காதோரம் விரிசல். அச்சு அசல். ரெண்டையும் சேர்த்து ஒரு படம் போட்டால் பாடம் இன்னும் நன்றாக இருக்கும் என்று அவள் காசை உறையிலிருந்து எடுத்தேன். ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து ஓரத்தை நகத்தால் தடவினேன்.

நகம் தட்டியது. அவள் காசு கொஞ்சம் பெரிசு.

உலோகம் ஆறும்போது சுருங்கும். பல் உறை செய்கிறவனுக்கு இதுதான் அரிச்சுவடி. அதற்காகத்தான் நாங்கள் அச்சு மாவை அளந்து விரியவிடுகிறோம், இல்லாவிட்டால் உறை பல்லில் ஏறாது. கள்ளக்காசு செய்கிறவனுக்கு அந்தக் கவலை இல்லை. அவன் வார்ப்பது எப்போதும் மூலத்தைவிடச் சின்னதாகத்தான் வரும். படத்தில் எல்லாக் காசும் ஒரே அளவு. அன்றைக்கு நான் பக்கத்தில் வைத்துப் பார்த்தது ஒரு படத்தை.

தராசில் வைத்தேன். அவளுடையதுதான் கனம். மூணு தடவை போட்டேன். காசுகளை லேபுக்கு எடுத்துப்போய் மைக்ராஸ்கோப்பின் அடியில் வைத்தேன். கண்டக்டர் காசின் விரிசல் வெறும் பள்ளம், அடியில் மூடியிருந்தது. அவளுடையது கிழிந்த விரிசல், இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வெளிச்சம் தெரிந்தது. அன்றைக்கு நான் குமிழி என்று காட்டியவை உருண்டையாகவே இல்லை. மண் தின்ற குழிகள், கோணல் மாணலாக. போலி என்று முடிவு கட்டிவிட்டுப் பார்த்திருக்கிறேன், அதனால் குமிழி தெரிந்திருக்கிறது. அவள் கேட்டாளே, ஒண்ணு நெஜமா இருக்காதா என்று. லென்ஸும் இல்லாமல், ஒரு மண்ணும் இல்லாமல் கேட்டாள்.

லேப் வாசலில் நின்றே போன் போட்டேன். உடனே எடுத்தாள்.

"என்னங்க, இன்னிக்குப் போன் பண்றீங்க? உடம்புக்கு ஏதும்..."

"ஒண்ணும் இல்ல, நல்லாத்தான் இருக்கேன். அந்தக் காசு விஷயம்."

"எந்தக் காசு?"

"நீ வாங்கித் தந்தியே, ராஜா காசு. அது நெஜம். நான்தான் தப்பா சொல்லிட்டேன். நீ அன்னிக்குக் கேட்டதுதான் சரி."

அந்தப் பக்கம் பேத்தி எதற்கோ அழுதுகொண்டிருந்தாள். இவள் அவளைச் சமாதானப்படுத்திவிட்டு வந்தாள்.

"எடை போட்டீங்களா?"

"மூணு தடவ."

"சரிங்க."

"என்ன சரிங்க? சந்தோஷமா இல்லையா உனக்கு?"

கோபமே இல்லாத குரலில்தான் சொன்னாள்.

"நீங்க போலின்னு சொன்ன அன்னிக்கும் அது நான் குடுத்ததுதாங்க."

"வந்துட்டுப் போயேன், ஒரு தடவ" என்று நான் வாயைத் திறப்பதற்குள், குழந்தைக்குச் சாப்பாடு கொடுக்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமை பேசலாம் என்று வைத்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் குழுவில் எழுதினேன். போலி 1 போலி அல்ல, நல்ல காசு, தப்பு என்னுடையது, என் மனைவி வாங்கிக்கொடுத்தது என்று. அஞ்சு நிமிஷத்தில் முதல் பதில் வந்தது. விலைக்குத் தருவீர்களா என்று ஒருவர் கேட்டிருந்தார். போனைக் கவிழ்த்து வைத்தேன். நாற்காலியிலிருந்து காசுப் பெட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கித் தரையில் வைத்தேன். துணியை நனைத்து நாற்காலியைத் துடைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் நாலு நாள் இருக்கிறது.