மாரக்காளின் மிஷின் நின்ற நேரங்கள்

பத்து நாற்பத்திரண்டுக்கு மாரக்காளின் ஓவர்லாக் மிஷின் நின்றது. நெஞ்சைப் பிடித்தபடி மேஜையில் சாய்ந்தார். பத்து ஐம்பத்தைந்துக்கு, சுவிட்சைத் தட்டியதுபோல் நிமிர்ந்து மறுபடி தைக்கத் தொடங்கினார். இரண்டு நேரத்தையும் எழுதிக்கொண்டேன். முதலிபாளையத்தில் எங்கள் பனியன் கம்பெனியில் என் வேலை அதுதான். எந்த மிஷின் எப்போது நின்றது, ஏன் நின்றது. நூல் அறுந்தது, ஊசி உடைந்தது, கரண்ட் போனது. மாரக்காளுக்கு என்ன எழுதுவதென்று தெரியவில்லை. காரணக் கட்டம் காலியாக இருக்கக் கூடாது என்று நான் படிக்கும் டிப்ளமா மாலை வகுப்பில் சொல்லியிருந்தார்கள். ‘நடிப்பு’ என்று எழுதினேன்.

அப்படி எழுத எனக்கு ஒரு நியாயம் இருந்தது. கிளினிக்கில் அவருக்கு இரண்டு முறை ஈசிஜி எடுத்தார்கள். இரண்டு முறையும் போய்ச் சேர்வதற்குள் படபடப்பு நின்றுவிட்டதால் தாள் சுத்தமாக வந்தது. “டார்கெட் ஏறுனா மாரக்காவுக்கு நெஞ்சும் ஏறிக்குது” என்று சூப்பர்வைசர் வேல்குமார் லைன் முழுக்கக் கேட்கும்படி சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரித்தேனா என்று சரியாக நினைவில்லை. சிரித்திருப்பேன். ஒன்பது ‘நடிப்பு’ சேர்ந்ததும், ஆபீஸில் என் தாளை வைத்து முடிவெடுத்து, பதினெட்டு வருஷம் தைத்தவரைப் பிசிறு வெட்டும் மேஜைக்கு மாற்றினார்கள். அவரிடம் சொன்ன காரணம் வயசு.

பிறகு கோவையில் ஒரு டாக்டர், படபடப்பு எப்போது தொடங்கி எப்போது நிற்கிறது என்று கேட்டாராம். மாரக்காள் என்னிடம்தான் வந்தார். “நீ டைம் எழுதுவியே கண்ணு, இருக்குதா?” காரணக் கட்டத்தை மடித்து மறைத்துவிட்டு, மீதியைப் போட்டோ எடுத்து அனுப்பினேன்.

நேற்று வகுப்புக்குப் போகாமல் கோவை ஆஸ்பத்திரிக்குப் போனேன். மாரக்காளுக்குக் காலையில்தான் சிகிச்சை முடிந்திருந்தது. தொடை வழியாக இதயத்துக்குக் கம்பி விட்டிருந்ததால், ராத்திரி வரை வலது காலை மடக்கக் கூடாது என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போனார்.

“முழிச்சுட்டுத்தான் கண்ணு இருந்தேன்” என்றார் மாரக்காள். “டாக்டரே கரண்டு குடுத்துப் படபடப்ப வர வெச்சாரு. எங்கிருந்து கெளம்புதுன்னு பாத்து, அந்த எடத்தச் சுடோணுமாமா. ‘இதே மாதிரித்தான் வருமாம்மா?’ன்னாரு. ஆமாங்கன்னு அழுதுபோட்டேன். வலியில இல்ல. ஒருத்தராச்சும் கண்ணால பாத்துட்டாங்களே.”

நான் ஆரஞ்சுப் பையை எங்கே வைப்பதென்று தேடிக்கொண்டிருந்தேன்.

“டக்குனு வந்து டக்குனு நிக்குதுன்னு உன்ற பேப்பர்லதான் தெரிஞ்சுதாமா. லைன்ல நீ ஒருத்திதான் நம்புன. வந்ததும் அதையே வேல்குமாருகிட்டக் காட்டி என்ற மிஷினக் கேக்கோணும். கூட வருவீல்ல?”

எதுவும் சொல்லக் கூடாது என்று பஸ்ஸில் முடிவு செய்திருந்தேன்.

“அவருக்கு அது தெரியுமுங்க்கா. நாந்தான் குடுத்தேன். நீங்க நடிக்கறீங்கன்னு எழுதிக் குடுத்தேன்.”

பக்கத்துக் கட்டிலில் யாரோ தண்ணீர் கேட்டார்கள்.

“எத்தன தடவ?”

“ஒம்போதுங்க்கா.”

அவரால் எழுந்து போக முடியாது. திரும்பிப் படுக்கவும் முடியாது. முகத்தை மட்டும் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். போர்வை வலது காலிலிருந்து நழுவியிருந்தது. இழுத்துவிடக் குனிந்தேன்.

“உடு. நர்சு வருவாங்க.”

நர்ஸ் வரவில்லை. தொடையில் ஒட்டிய பிளாஸ்திரிக்குக் கீழே, மடக்காமல் வைத்திருந்த அந்தக் காலின் விரல்கள் குளிரில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன.