இருபதாம் நம்பர் பலகை

புல்லில் ஒரு கீறல் விழுந்தாலும் லெமுவேல் ஹேர்ஸ்டனை நூலகத்துக்கு மாற்றிவிடுவதாகக் கோச் பெட்டிஃபோர்ட் சொல்லியிருந்தார். புத்தகங்களுக்குத் தூசி தட்டும் வேலை. லெமுவேல் கடைசியாகத் தொட்ட புத்தகம் டெலிபோன் டைரக்டரி. அதுவும் நாற்காலிக் கால் ஆடியதற்காக.

வட கரோலினாவின் அந்தப் பழைய ஸ்டேடியத்தில் ஒரே வீட்டில் இரண்டு குடித்தனம். கோடை முழுக்கச் சனிக்கிழமைகளில் கார் பந்தயம். செப்டம்பர் பிறந்தால் கல்லூரி ஃபுட்பால்; காலால் உதைப்பதல்ல, பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு கோல் கோட்டைத் தாண்டும் அமெரிக்க ரகம். கார் ஓடும் பாதை மைதானத்தை ஒட்டியாணம் போல இறுக்கிச் சுற்றியிருக்கும். நடுவில் புல். புல்லுக்குக் காவல் லெமுவேல்.

கோல் கோட்டுக்கு எத்தனை கஜம் பாக்கி என்று சொல்லும் எண் பலகைகள் ஓரத்தில் நிற்கும். ஃபுட்பாலுக்காக வைத்தவை. ஆனால் கார் பந்தயக்காரன் டர்வுட் ஸ்ப்ரிங்கிள் முப்பது வருஷமாக இருபதாம் பலகையைக் கண்டால்தான் பிரேக்கை மிதிப்பான். வளைவு கண்ணுக்குத் தெரியாதாம், பலகை தெரியுமாம்.

அன்று சீசனின் கடைசிப் பந்தயம். அடுத்த சனிக்கிழமை முதல் ஆட்டம். வேலையை முன்கூட்டியே முடிக்கும் நல்ல புத்தியில், லெமுவேல் காலையிலேயே பலகைகளைப் பிடுங்கிப் பெயிண்ட் அடித்துக் காயவைத்தார்.

முதல் சுற்று. டர்வுட் இருபதைத் தேடினான். இருபது வரவில்லை. சுவர் வந்தது. ஸ்டீயரிங்கை இடப்பக்கம் ஒடித்தான். கார் புல்லில் இறங்கி, கோல் கோட்டுக்கு மூன்று கஜம் முன்னால், அதற்கு இணையாக ஸ்கேல் வைத்துக் கிழித்தது போல இரண்டு பள்ளம் உழுது, அந்தப் பக்கம் போய் நின்றது.

"யோவ் லெம்! என் இருபது எங்கய்யா?"

"பெயிண்ட் காயுது."

"காயுதா? அதைத் தேடிக்கிட்டு நான் தென் கரோலினாவுக்கே போயிருப்பேன்யா!"

ஞாயிறு முழுக்க லெமுவேல் பள்ளங்களில் மண் கொட்டினார். மண் மூடியது, புல் முளைக்கவில்லை. கடைசியில் இரண்டின் மேலும் வெள்ளைக் கோடு போட்டார். எப்படியும் கோடு போடுகிற மைதானம்தானே.

திங்கட்கிழமை கோச் எண்ணிப் பார்த்தார். "கோடு கூடுதலா இருக்கே?"

"கணக்குல நீங்க எப்பவுமே கொஞ்சம் வீக்கு, கோச்."

"சனிக்கிழமை ஆட்டம் முடியட்டும். நூலகச் சாவியை உன் கையில கொடுக்கிறேன்."

சனிக்கிழமை நடுவரும் கேட்டார். லெமுவேல் தொப்பியைக் கழற்றினார். "சரித்திரச் சின்னம், ஐயா. தொட்டா அரசாங்கம் கேள்வி கேக்கும்." நடுவரும் தொப்பியைக் கழற்றினார்.

ஆட்டத்தின் கடைசி நிமிடம். லெமுவேலின் கல்லூரி மூன்று புள்ளி பின்தங்கியிருந்தது. எதிரணிக்காரன் ஒருவன் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தனியாக ஓடிவந்தான். லெமுவேல் போட்ட தடிமனான வெள்ளைக் கோட்டைத் தாண்டினான். கோல் கோடு என்று நினைத்துப் பந்தைக் கீழே போட்டுவிட்டு, இடுப்பை ஆட்டி ஒரு நடனம் ஆடினான். நல்ல நடனம். உள்ளூர்ப் பையன் ஒருவன் பந்தைப் பொறுக்கி மறுமுனைக் கோல் கோடுவரை ஓடியபோதும் நடனம் முடியவில்லை.

ஆறு புள்ளி, வெற்றி. ஸ்டேடியம் அதிர்ந்தது. ஹாட் டாக் நிறைந்த வாயோடு டர்வுட் மேலிருந்து கத்தினான்: "அது என் கோடுடா!"

கோச் மெதுவாக நடந்து வந்தார். கையில் சாவி. அதைப் பையில் போட்டுக்கொண்டார்.

"ஏன் லெம், அந்தப் பலகைங்களுக்கு வருஷா வருஷம் பெயிண்ட் அடிக்கணுமோ?"

"கட்டாயம், கோச். துருப்பிடிச்சுடும்."

பலகைகள் மரத்தில் செய்தவை. கோச் தலையாட்டினார்.