பம்பு குடித்த தொட்டி

முலாம் பட்டறையில் அவனுக்குப் பெயர் பம்பு. டிரம்முக்கும் தொட்டிக்கும் இடையே திரவம் மாற்ற வேண்டுமென்றால் குழாயின் நுனியை வாயில் வைத்து ஒரே இழுப்பு இழுப்பான். திரவம் பல்லைத் தொடுமுன் குழாயைத் தாழ்த்திவிடுவான். பதினெட்டு வருஷத்தில் ஒரு சொட்டு உள்ளே போனதில்லை என்று மார்தட்டுவான். அதே பட்டறையில் பாலிஷ் போடும் அவன் பெண்டாட்டி தலையில் அடித்துக்கொள்வாள்.

அன்று காலை உள்ளே போய்விட்டது.

ஆஸ்பத்திரியில் வாந்திக்கு நடுவிலும் ஆள் வீறாப்பை விடவில்லை. "முலாம் போட்ட சாமானைக் கழுவுற தண்ணிதான் டாக்டர். ரெண்டு மடக்கு." கூட வந்த மேஸ்திரியும் தலையாட்டினார்.

"வாயத் தொறய்யா" என்றாள் கூடவே வந்திருந்த பெண்டாட்டி. பல்லிடுக்கெல்லாம் மஞ்சள். தன் விரல்களை டாக்டர் முகத்துக்கு நேரே நீட்டினாள். நகமெல்லாம் அதே மஞ்சள். "கழுவுற தண்ணி இப்படிப் பிடிக்காது. இது மூணாம் தொட்டித் தண்ணி. முலாம் போடுற குரோமியம், விஷம்."

"நீ சும்மா இரும்மா. டாக்டருக்குத் தெரியாததா?" என்றார் மேஸ்திரி.

"டாக்டர் அந்தத் தொட்டியில கை விட்டிருக்காரா? நான் விட்டிருக்கேன்."

பம்பு கண்ணை மூடிக்கொண்டான். "மூணாம் தொட்டிதான்" என்று முனகினான்.

டாக்டர் பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்கவில்லை. காத்திருந்தால் கிட்னியும் ஈரலும் போய்விடும். கழுத்தில் குழாய் போட்டார்கள். ரத்தத்தை மெஷினில் விட்டு வடிகட்டினார்கள். பிறகு ரத்தத்திலிருந்த பிளாஸ்மா என்னும் மஞ்சள் நீரைப் பிரித்து வீசிவிட்டு, யார் யாரோ தானம் கொடுத்த பிளாஸ்மாவை ஏற்றினார்கள். அவன் ரத்தம் ஒரு குழாயில் வெளியே போய் இன்னொன்றில் திரும்பி வருவதை அவள் இமைக்காமல் பார்த்தாள்.

"இது என்னைவிட நல்லா இழுக்குது" என்றான் அவன்.

"வாயை மூடிக்கிட்டுக் கெட."

நாலு நாள் கட்டிலோரம் மாட்டிய மூத்திரப் பை காலியாகவே தொங்கியது. தினமும் மெஷின் ஓடியது. அஞ்சாம் நாள் பையின் அடியில் ரெண்டு ஸ்பூன் அளவு தேங்கியிருந்தது.

"நர்ஸம்மா! மூத்திரம் வந்திருச்சு!" வார்டே திரும்பிப் பார்க்கக் கத்தினாள். கூச்சமாவது ஒண்ணாவது.

டாக்டர் மாணவர்களோடு வந்தார். "ரிப்போர்ட் மறுநாள்தான் வந்துச்சு, குரோமியம்னு. இந்தம்மா நகத்தைக் காட்டாம இருந்திருந்தா ஒரு நாள் போயிருக்கும். ஆளும் போயிருப்பார்."

மாணவர்கள் அவள் நகத்தை எட்டிப் பார்த்தார்கள். அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"எங்க வீட்டுக்காரி" என்றான் பம்பு, ஏதோ அவனே கண்டுபிடித்த மாதிரி.